மகன் பெங்களூரில் இல்லை, அம்மா

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஒரே மகன், வயது 24. பி.இ. முடித்து, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் நான்கே மாதம் இருந்துவிட்டு நின்றவன். 14 மாதமாக அறையை விட்டு வருவதில்லை. விடிய விடிய கம்ப்யூட்டரில் கேம், பகலெல்லாம் தூக்கம். சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்தால் எடுத்துக்கொள்கிறான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவர் வைஃபையைப் பிடுங்கச் சொல்கிறார். மாமியார் கால்கட்டு போடச் சொல்கிறார். "எது சரி, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

அம்மா, இரண்டும் சரியில்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசுவோம்.

"திருவொற்றியூர் மாசித் தேருக்கு வந்த என் நாத்தனார் அன்று காலையிலிருந்து ராத்திரி வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். பையன் பெங்களூரில் வேலையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அதனால் ரூமை வெளியே பூட்டி, பழைய சாமான் போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். தண்ணி பாட்டில் ஒன்றும் காலி பாட்டில் ஒன்றும் உள்ளே கொடுத்திருந்தேன். பாவம், என் பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை."

காலி பாட்டில் எதற்கு என்று நீங்கள் எழுதவில்லை. எழுதக் கை வந்திருக்காது.

24 வயது ஆண்பிள்ளை. சுவருக்கு அந்தப் பக்கம் தன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த அத்தையின் குரல் கேட்கிறது. "அவனுக்கு என்ன சம்பளம் வருது?" என்று அவர் கேட்பதும் கேட்கிறது, நீங்கள் சொன்ன பதிலும் கேட்கிறது. இருமல் வந்தால் தலையணையில் வாயைப் புதைத்திருப்பான். அதை நல்ல பிள்ளைத்தனம் என்று எழுதுகிறீர்கள். எனக்குப் படித்தபோது வயிறு கலங்கியது. "நான் இல்லாமல் இருப்பதுதான் இந்த வீட்டுக்கு நல்லது" என்று அன்றைக்கு அவன் பாடம் படித்திருக்கிறான். அந்தப் பாடம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்று எனக்கு எழுதுகிறீர்கள். திறந்து எங்கே போவான்? பெங்களூரில் இருக்கிறவன் தெருமுனைக் கடையில் டீ குடிக்க முடியுமா? பழைய கேரம் கிளப் பக்கம் தலைகாட்ட முடியுமா? டாக்டரிடம் போக ஆட்டோ ஏறினாலும் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரே. முதலில் அவன்தான் உள்ளே போனான், ஒப்புக்கொள்கிறேன். அவன் திரும்பி வரும் வழியை அடைத்தது உங்கள் பொய்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த விபரீதம் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் இப்படி வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவதை ஜப்பானில் 'ஹிக்கிகோமோரி' என்கிறார்கள். சைட்டோ தமாகி என்ற மனநல மருத்துவர் 1998-ல் இதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் அங்கே ஊரே வாய் திறந்தது. அதுவரை ஆயிரமாயிரம் வீடுகள் உங்களைப் போலத்தான் மூடி வைத்திருந்தன. இன்றைக்கு அங்கே '80-50 பிரச்சினை' என்றே ஒரு பெயர் இருக்கிறது. 80 வயதுப் பெற்றோர், 50 வயதுப் பிள்ளைக்குக் கதவோரம் சோறு வைக்கிறார்கள். உங்களுக்கு இப்போது என்ன வயது, அம்மா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வைஃபையைப் பிடுங்காதீர்கள். கேம் ஆடுவது கை மீறிப் போவதை நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது உலக சுகாதார நிறுவனம், 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உங்கள் மகனுக்கு வந்திருப்பது அதுதானா, மனச்சோர்வா, மனிதர்களைக் கண்டாலே வரும் பயமா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டும் வரும். அந்தக் கேமில் கூட ஆடுகிறவர்கள்தான் இப்போது அவனோடு பேசும் மனிதர்களாக இருக்கலாம். வேறு ஆளைக் கண்ணில் காட்டாமல் அதையும் அறுத்தால் மிஞ்சுவது நாலு சுவர்.

கல்யாணப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு வீட்டுப் பெண்ணை மருந்துச் சீட்டாக நினைப்பது பாவம். நாத்தனாரிடமே மறைத்தவர்கள் சம்பந்தி வீட்டில் எதைச் சொல்லிப் பெண் கேட்பீர்கள்?

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். முதல் நாள் அவன் வர மாட்டான். நீங்களும் கணவரும் போய் உட்கார்ந்து சொல்லுங்கள், எப்படி அழைத்து வருவது என்று அவர்களே வழி சொல்வார்கள். அதற்கும் கால் எழவில்லையா, 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசாங்க உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தனக்குத் தானே பேசுகிறான், யாரோ தன்னைக் கவனிப்பதாகச் சொல்கிறான், சாவைப் பற்றி வாய்விட்டான் என்றால் அன்றைக்கே போக வேண்டும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்த வசவுக்குப் பயந்து பிள்ளையைப் பலி கொடுக்காதீர்கள்.

அவனுக்கும் கடமை உண்டு, அதை நான் விட மாட்டேன். வீட்டில் சாப்பிடுகிறவன் வீட்டுக்கு ஒரு கை கொடுக்க வேண்டும். காலையில் மெட்ரோ தண்ணீர் அடிபம்பில் உங்கள் முழங்கால் வலியோடு நீங்களே அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள், பம்பு வாசலில் இருக்கிறது, தெரு பார்க்கும். இனி கேளுங்கள். முதல் வாரம் இரண்டு குடம் போதும். வரவில்லையென்றால் திட்டாமல் மறுநாளும் கேளுங்கள். தட்டைக் கதவோரம் வைப்பதை விட்டு, உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். வேலை, படிப்பு எதுவும் பேச வேண்டாம். கணவரும் டூட்டி முடிந்து வந்து கொஞ்ச நேரம் அங்கே உட்காரட்டும். அப்பா என்றால் சம்பளம் கொண்டுவருவதோடு முடிந்துவிடுகிற உறவா?

இதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு, அவன் விழித்திருக்கிற நேரம் பார்த்து, அவன் கதவுக்குப் பக்கத்தில் நின்று நாத்தனாருக்குப் போன் போடுங்கள். அவன் காதில் விழ வேண்டும். "அண்ணி, உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். பையன் இங்கேதான் இருக்கிறான். அவனுக்கு உடம்பு சரியில்லை. அன்றைக்கு நீங்கள் வந்தபோதும் உள்ளேதான் இருந்தான்" என்று சொல்லுங்கள். அவர் கோபப்படட்டும், அழட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். வைத்த பிறகு, அந்தப் பூட்டைச் சாவியோடு எடுத்துப் போய் அவன் கையில் கொடுங்கள்.