கேள்வி-பதில்: ஆப்பியம் சர்வரைத் தொடங்குவதும் நிறுத்துவதும்

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): ஆண்ட்ராய்டு செயலி ஒன்றுக்கு ஜாவாவிலும் டெஸ்ட்என்ஜியிலும் (சோதனைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஜாவா நூலகம்) தானியங்கிச் சோதனைகள் எழுதி வருகிறேன். டெர்மினலில் ஆப்பியம் சர்வரை (சோதனையின் கட்டளைகளைக் கைபேசிக்குக் கொண்டுசேர்க்கும் நிரல்) ஓடவிட மறந்தால் அத்தனை சோதனைகளும் இணைப்புக் கிடைக்காமல் தோற்றுப்போகின்றன. நிரலிலிருந்தே சர்வரைத் தொடங்கி நிறுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. ஆப்பியம் உங்கள் கணினியில் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் கருவி) வழியாக ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால் போதும்; மற்றவை ஆப்பியத்தின் ஜாவா கிளையன்ட் நூலகத்திலேயே உள்ளன. 'ஆப்பியம்சர்வீஸ்பில்டர்' என்ற கிளாஸிடம் ஐபி முகவரி, போர்ட் எண், லாக் கோப்பின் இடம் ஆகியவற்றைத் தெரிவித்தால், அதைக்கொண்டு 'ஆப்பியம்டிரைவர்லோக்கல்சர்வீஸ்' ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். அதன் ஸ்டார்ட் மெத்தடை அழைத்ததும், அது நோட் (ஆப்பியத்தை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி) புராசஸ் ஒன்றைக் கிளப்பி, சர்வரின் ஸ்டேட்டஸ் முகவரியிலிருந்து பதில் வரும் வரை காத்திருந்து, அதன் பின்னரே நிரலை அடுத்த வரிக்குப் போகவிடுகிறது. ஆகவே பலரும் வழக்கமாகச் சேர்க்கும் பத்து விநாடி ஸ்லீப் இங்கே தேவையில்லை.

தொடங்குவதைவிட நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். ஸ்டார்ட்டை, எல்லாச் சோதனைகளுக்கும் முன் ஓடும் பிஃபோர்சூட்டிலும், ஸ்டாப்பை, எல்லாம் முடிந்தபின் ஓடும் ஆஃப்டர்சூட்டிலும் வைப்பது வழக்கம். ஆனால் இடையில் ஏதேனும் ஓர் ஆயத்த மெத்தட் தோற்றுவிட்டால், டெஸ்ட்என்ஜி அதற்குப் பின்வரும் ஆயத்த, நிறைவு மெத்தட்களைத் தவிர்த்துவிடுவதால், ஸ்டாப் அழைக்கப்படாமலே போகும். இதைத் தடுக்க ஆஃப்டர்சூட்டில் 'ஆல்வேஸ்ரன்' என்பதை ட்ரூ என்று குறிப்பிடுங்கள். வரிசையும் முக்கியம். டிரைவரின் (சர்வருக்குக் கட்டளை அனுப்பும் ஆப்ஜெக்ட்) க்விட் முதலில், சர்வரின் ஸ்டாப் பிறகு. செஷனை, அதாவது கைபேசியோடு நடக்கும் சோதனைத் தொடர்பை, முறையாக மூடுவது க்விட்தான். ஸ்டாப் கணினியில் ஓடும் புராசஸை மட்டுமே முடித்துவைக்கும்.

போர்ட்டைப் பொறுத்தவரை, ஆப்பியத்தின் இயல்பான எண் 4723. அதை நிரலில் நேராக எழுதுவதற்குப் பதிலாக, காலியாக இருக்கும் போர்ட்டைத் தானே தேர்ந்துகொள்ளும்படி பில்டரிடம் சொல்லிவிட்டு, சர்வீஸின் கெட்யூஆர்எல் தரும் முகவரியை டிரைவரிடம் கொடுப்பதே என் பரிந்துரை. இரண்டு கைபேசிகளில் ஒரே நேரத்தில் சோதிக்கும்போது சர்வர் போர்ட் மட்டும் வேறுபட்டால் போதாது. ஆண்ட்ராய்டு திரையை இயக்கும் ஆப்பியம் பகுதியான யூஐஆட்டோமேட்டர்2 பயன்படுத்தும் சிஸ்டம்போர்ட்டும் (இயல்பாக 8200 முதல் 8299 வரை) ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்வேன்: சோதனைகளை எழுதிக்கொண்டிருக்கும் நாட்களில் சர்வர் டெர்மினலிலேயே ஓடட்டும், ஏனெனில் லாக் கண்முன் ஓடினால் பிழையைப் பிடிப்பது எளிது. நிரல்வழித் தொடக்கம் ஜென்கின்ஸ் (சோதனைகளைத் தானாக ஓட்டும் சர்வர்) போன்ற இடங்களில், அதாவது டெர்மினலைத் திறக்க ஆளில்லாத இடங்களில்தான் முழுப் பயன் தரும்.

கேள்வி (மதுரை வாசகர்): மேக் கணினியின் டெர்மினலில் ஆப்பியம் நன்றாக ஓடுகிறது. அதே சர்வரை இன்டெலிஜே ஐடிஇயிலிருந்து (நிரல் எழுதும் மென்பொருள்) நிரல்வழி தொடங்கினால் நோட் கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது. ஏன்?

பதில்: நீங்கள் என்விஎம் (நோடின் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) வழியாக நோடை நிறுவியிருக்கக்கூடும். என்விஎம் தன் பாதையை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதிவைக்கிறது. டாக்கிலிருந்து (மேக் திரையின் ஐகான் பட்டை) திறக்கப்படும் செயலிகள் பொதுவாக அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. பில்டரில் 'யூசிங்டிரைவர்எக்ஸிகியூட்டபிள்' மூலம் நோட் இருக்கும் இடத்தையும், 'வித்ஆப்பியம்ஜேஎஸ்' மூலம் ஆப்பியத்தின் மெயின்.ஜேஎஸ் கோப்பையும் காட்டிவிட்டால் சரியாகிவிடும். என்விஎம் பாதையில் நோடின் பதிப்பு எண்ணும் அடங்கியிருப்பதால், பதிப்பை மாற்றும் நாளில் இந்தப் பாதையையும் மாற்ற வேண்டும். அதனால் அதைக் கான்ஃபிக் கோப்பில் வைப்பது நல்லது. இதே காரணத்தால், ஆண்ட்ராய்டு கருவிகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆண்ட்ராய்டு_ஹோம் மாறியும் காணாமல் போகலாம். அதை 'வித்என்விரான்மென்ட்' வழியாகக் கொடுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): ஆப்பியம் 2க்கு மாறிய பிறகு எல்லாச் சோதனைகளும் 404 பிழையுடன் நிற்கின்றன.

பதில்: முகவரியின் இறுதியில் உள்ள '/டபிள்யூடி/ஹப்' பகுதியை நீக்குங்கள். அது ஆப்பியம் 1இன் இயல்பான பாதை. 2இல் வெறும் '/' மட்டுமே.

கேள்வி (திருச்சி வாசகி): ஸ்டாப் எழுதியிருந்தும் சில நேரங்களில் அடுத்த ஓட்டத்தில் 4723 ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வருகிறது.

பதில்: முந்தைய ஓட்டத்தை ஐடிஇயின் சிவப்புப் பொத்தானை அழுத்தி நடுவில் நிறுத்தினீர்களா என்று பாருங்கள். ஜாவா புராசஸ் வலுக்கட்டாயமாகக் கொல்லப்படும்போது ஆஃப்டர்சூட் ஓடாது. அது தொடங்கிவைத்த நோட் புராசஸ் மட்டும் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு உயிரோடிருக்கும். ஷட்டவுன் ஹுக் (ஜாவா நிற்கும்முன் ஓடும் துண்டு நிரல்) ஒன்றில் ஸ்டாப்பை எழுதிவைத்தால் பெரும்பாலான குறுக்கீடுகளைச் சமாளிக்கலாம். கில் -9 (புராசஸை உடனடியாகக் கொல்லும் கட்டளை) வந்தால் அதுவும் பயன்படாது. அப்போது மேக்கிலும் லினக்ஸிலும் எல்எஸ்ஓஎஃப், விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளையால் போர்ட்டை வைத்திருக்கும் புராசஸின் எண்ணைக் கண்டறிந்து, அதை மட்டும் நிறுத்துங்கள். எல்லா நோட் புராசஸ்களையும் ஒரே அடியில் கொல்லும் கட்டளை இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. பொதுவான பில்டு கணினியில் அதை இயக்கினால், பக்கத்து அணியின் சோதனைகளும் சேர்ந்தே நின்றுவிடும்.