வெண்ணெயும் 168-ம்

கேள்வி: எனக்கு வயது 43. எடை குறைக்க நான்கு மாதமாக மாவுச்சத்தை அறவே தள்ளிவிட்டேன். முட்டை, சீஸ், இறைச்சி, வெண்ணெய்தான் சாப்பாடு. ஆறு கிலோ குறைந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 91. ஆனால் குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தபோது 168! கொழுப்பே எனக்குச் சர்க்கரை நோயைக் கொண்டுவந்துவிட்டதா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. அந்த 168-ஐ வைத்து இப்போதைக்கு எந்த முடிவுக்கும் வர முடியாது.

நீங்கள் இணைத்திருந்த உணவுப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளும் மாவுச்சத்து 30 கிராம்கூடத் தேறவில்லை. இந்தப் பரிசோதனைக்கு முன் மூன்று நாளாவது, தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மாவுச்சத்து வராதபோது தசைகள் கொழுப்பை எரித்தே காலம் தள்ளப் பழகிவிடும். கொழுப்பு அமிலம் எரியும் தசையில் குளுக்கோஸ் எரிவது மட்டுப்படுகிறது என்பதை, எலியின் இதயத் தசையிலும் உதரவிதானத்திலும் (மூச்சுவிட உதவும் தசை) பார்த்து, ஆய்வாளர் ஃபிலிப் ராண்டிலும் சகாக்களும் 1963-லேயே எழுதினார்கள். அப்படிப் பழகிய உடம்புக்கு ஒரே மூச்சில் 75 கிராம் குளுக்கோஸைக் கொடுத்தால் அது திணறத்தான் செய்யும். மாவுச்சத்து திரும்பி வந்தால் சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், என்ன சாப்பிட்டார் என்று கேட்காமலே ஒருவருக்கு இதே போன்ற முடிவைப் படித்துச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. சரியாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி எடுத்தபோது எல்லாம் சீராக இருந்தது. அன்றிலிருந்து முதலில் சாப்பாட்டைக் கேட்கிறேன், பிறகுதான் எண்ணைப் பார்க்கிறேன்.

ஆறு கிலோ குறைந்தது உங்களுக்கு நல்லதுதான். எடை இறங்கும்போது கல்லீரலில் தேங்கிய கொழுப்பும் கரையும். கல்லீரல் இன்சுலினுக்கு மறுபடி செவிசாய்க்கும்.

ஆனால் பட்டியலில் ஒன்று உறுத்துகிறது. ஒரே நாளில் ஐந்து இடத்தில் வெண்ணெய். மீன் ஒரு நாளும் இல்லை, கொட்டை வகைகளும் இல்லை. நல்ல உடல்நிலையில் இருந்த 162 பேரை வைத்து மூன்று மாதம் நடத்திய ஓர் ஆய்வு 2001-ல் வெளிவந்தது. வெண்ணெயில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்கும் அளவு, சுமார் 10 சதவீதம் குறைந்தது. ஆலிவ் எண்ணெயில் அதிகமாக இருக்கும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு சாப்பிட்டவர்களுக்குக் குறையவில்லை. 2014-ல் சுவீடனில் ஒல்லியான இளைஞர்கள் 39 பேருக்கு ஏழு வாரம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நிறைவுற்ற கொழுப்பு அதிகமுள்ள பாமாயிலில் செய்தது, மீதிப் பேருக்கு அது குறைவான சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. எடை இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறியது. கல்லீரல் கொழுப்போ பாமாயில் பக்கம்தான் மிக அதிகம் ஏறியது. என்ன கொழுப்பு என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

மாவுச்சத்தைக் குறைத்தே சாப்பிட விரும்பினால் சாப்பிடுங்கள், தடுக்கமாட்டேன். வெண்ணெய் இருக்கும் ஐந்து இடத்தில் மூன்றையாவது எண்ணெய்க்கும் கொட்டைகளுக்கும் மீனுக்கும் கொடுங்கள். மருத்துவரிடம் உங்கள் உணவுமுறையைச் சொல்லி, 150 கிராம் கணக்கை மூன்று நாள் கடைப்பிடித்து, மறுபடி பரிசோதியுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யையும் சேர்த்து எடுங்கள்.

கேள்வி: ஆலிவ் எண்ணெய் நல்லதுதானே, தாராளமாக ஊற்றலாமா?
- இன்னொரு வாசகர்

பதில்: ஊற்றாதீர்கள். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. மேலே சொன்ன 162 பேர் ஆய்விலேயே, மொத்தக் கலோரியில் கொழுப்பு 37 சதவீதத்தைத் தாண்டியவர்களிடம் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பின் அனுகூலம் தென்படவில்லை. ஸ்பூனால் அளந்து விடுங்கள்.