பயம் வந்தால் கவனம் ஏன் ஓடிப்போகிறது?

"வேலையைத் தொடங்கினாலே பயம், எதிலும் மனம் நிற்பதில்லை, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே சிக்கல்தான். மூளையிலுள்ள அமிக்டலா என்ற பகுதி ஆபத்து என்று எச்சரித்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. கவனம் முழுவதும் அந்த ஆபத்தின் பக்கம் போய்விடுகிறது.

கொஞ்சம் பதற்றம் இருந்தால் தப்பில்லை. தள்ளிப்போடுவதுதான் வினை. தள்ளிப்போட்டதும் கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறையும் தள்ளிப்போடச் சொல்லும். அதனால் மிகச் சிறிய துண்டிலிருந்து தொடங்குங்கள். அறிக்கை எழுத வேண்டுமா? சரி, முதலில் தலைப்பை மட்டும் எழுதுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

அப்புறம், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதை முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "மேலாளர் இரண்டாம் பக்கத்தைத் திருத்தச் சொல்வார்" என்று தாளில் வந்துவிட்டால், அது செய்து முடிக்கக்கூடிய வேலை. தூக்கமே கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.