பழைய ரேஸ் டயருக்கு மருந்து தடவலாமா?

கேள்வி (திருமங்கலம் வாசகர்): அண்ணே, கோயமுத்தூர் செட்டிப்பாளையம் டிராக்ல ஓட்டிட்டு இருந்த ஒருத்தர்கிட்ட 17 இஞ்ச் ஸ்லிக் டயர் ஒரு செட் பழசா வாங்கினேன். அவர் ரெண்டு மூணு தடவதான் ஓட்டுனாராம், ஆனா நாலு வருஷமா மொட்டமாடி தகர ஷெட்டுல கெடந்திருக்கு. நகத்த வச்சு அமுக்குனா உள்ள எறங்கவே மாட்டேங்குது, கல்லு மாதிரி இருக்கு. தின்னரும் விண்டர்கிரீன் ஆயிலும் கலந்து தடவி பிளாஸ்டிக் கவர் சுத்தி ரெண்டு நாள் வச்சா புதுசு மாதிரி ஆயிரும்னு பசங்க சொல்றாங்க. செஞ்சுட்டு ரிங் ரோட்டுல ஓட்டிப் பாக்கலாமா?

பதில்: தம்பி, மொதல்ல ரிங் ரோட்ட மறந்துருங்க. ஸ்லிக்ல காடி கெடையாது, ரோட்டுல தண்ணி நின்னா அது வெளியேற வழியே இல்ல, அதுபோக நல்லா சூடேறுனாத்தான் அது பிடிக்கும், நம்ம ரோட்டுல நீங்க போற வேகத்துக்கு அந்த சூடு வராது.

மருந்து விஷயத்துக்கு வருவோம், பசங்க சொல்றது முழுப் பொய்யும் இல்ல. அமெரிக்காவுல மண் டிராக்ல கோ-கார்ட் ஓட்டுறவங்க டயருக்கு மருந்து தடவுறது ரொம்ப காலமா நடக்குறதுதான். தடவுனா ரப்பர் மெத்துனு ஆகும், ஆனா எப்படி மெத்துனு ஆகுதுங்கறதுதான் விஷயம். மேலூர் போற வழியில வெள்ளரிப்பட்டில டூவீலர் டயர் ஃபேக்டரி இருக்கே, அங்க கந்தகம் கலந்த ரப்பர அச்சுல வச்சு வேக வச்சுத்தான் டயரா எடுக்குறாங்க. அந்த வேகுற வேல அதோட நிக்காது, ஒவ்வொரு தடவ டிராக்ல சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் கொஞ்சமா தொடரும், கூடவே உள்ள இருக்குற எண்ணெய் வெளியேறும், காத்துல இருக்குற ஆக்சிஜனும் இறுக்கும். தின்னர்ல இருக்குற டொலுயின் ரப்பருக்குள்ள பூந்து ஊத வைக்கும், அவ்வளவுதான், அவிச்ச முட்டைய திரும்ப பச்ச முட்டையாக்க அதால முடியாது.

நானே ஒரு தடவ பழைய ஸ்கூட்டர் டயர்ல ஒரு துண்டு வெட்டி ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில ஊறப் போட்டேன். காலைல பாத்தா துண்டு உப்பி, பிசுபிசுன்னு, அமுக்குனா அப்படியே எறங்குது. அத மாடி வெயில்ல ஒரு வாரம் போட்டேன், சுருங்கி பழையபடி கட்டியாச்சு, வளைச்சுப் பாத்தா முன்ன இல்லாத மயிர்க்கோடு விரிசல் ஓரத்துல. ஊதுன ரப்பருக்கு கிழியாம தாங்குற பலம் கொறையும், வளைவுல சாயும்போது கட்டி கட்டியா பேந்து வரும், மருந்து ஆழமா எறங்குனா உள்ள நூல் அடுக்கும் ரப்பரும் ஒட்டுன பிடிமானமே விட்டுப்போகலாம். மெத்துனு இருக்குறது வேற, ரோட்டப் பிடிக்கிறது வேற தம்பி.

விண்டர்கிரீன் ஆயில்ங்கறது மூட்டுவலி தைலத்த தொறந்தா மூக்குல ஏறுமே, அந்த மெத்தில் சாலிசிலேட்தான். டொலுயின் மாதிரி சட்டுனு பறந்து போகாது, அதனால டயர் கொஞ்ச நாள் மெத்துனே இருக்கும், ஆனா ரேஸ்ல நிறைய எடத்துல டயருக்கு மருந்து தடவுறது தடை. டொலுயின் அதவிட மோசம், 4 டிகிரியிலயே தீப்பிடிக்கிற அளவு ஆவி விடும், நம்ம ஊர் சித்திர வெயில நெனச்சுப் பாருங்க, அந்த ஆவி காத்தவிட கனம், தரையோட தவழ்ந்து போய் எங்கயோ இருக்குற அடுப்புல பத்திக்கும். மூடுன ரூம்ல வச்சு தடவுனா தலசுத்தலும் வரும்.

டிராக்குக்குத்தான்னு வச்சுக்கிட்டாலும் ரப்பர் எவ்வளவு கட்டின்னு அளக்குற ஷோர் ஏ மீட்டர் ஒண்ணு வாங்கி காலைல நிழல்ல வச்சு அளந்து பாருங்க, மதியம் வெயில்ல வச்சு அளந்தா மெத்துனு இருக்குற மாதிரி பொய்யா காட்டும். அதே வகை புது டயரவிட இது பத்து பாயிண்டுக்கு மேல கூட இருந்தா நம்பி சாயாதீங்க. கொடுத்த காசு போச்சேன்னு இருக்கும், தெரியுது. வண்டிய ஸ்டாண்டுல ஏத்தி ஓட விட்டுப் பாக்க, நிறுத்தி வைக்கும்போது மாட்டிக்க அந்த டயர் ஆகும்.

கேள்வி (மேலூர் வாசகி): வாட்டர் வாஷ் கடைல டயர் கறுப்பா தெரிய டீசல் தொடைக்கிறாங்க, விடலாமா அண்ணே?

பதில்: வேணாம்மா, டீசலும் ரப்பர ஊத வைக்கும். தண்ணியில கரையுற டயர் பாலிஷ் கேட்டு வாங்கி பக்கவாட்டுல மட்டும் போடச் சொல்லுங்க, ரோட்டுல படுற எடத்துல ஒரு சொட்டும் படக்கூடாது, டூவீலர்னா ரொம்ப கவனம்.