‘48 உங்களுக்கு, மேலே வருவது எனக்கு’: புரோக்கர் சொல்வதற்குத் தலையாட்டலாமா?

கேள்வி: தருமபுரி இலக்கியம்பட்டியில் என் பெயரில் வீடு இருக்கிறது. 2003-ல் கட்டியது. மகன் ஓசூரில் வேலை பார்ப்பதால், இதை விற்றுவிட்டு அங்கே ஒரு ஃபிளாட் வாங்கலாம் என்று எண்ணம். தெரிந்த புரோக்கர் ஒருவர், “உங்களுக்கு 48 லட்சம் கையில் வந்தால் போதும்தானே? மேலே வருவது என்னுடையது, கமிஷனே வேண்டாம்” என்கிறார். ஆறு மாதத்துக்கு அக்ரிமெண்ட் கேட்கிறார். 25,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இன்னொரு புரோக்கர் 2% கமிஷன் கேட்கிறார். ஆனால் வீட்டைப் பார்த்துவிட்டுப் போன ஒரு பார்ட்டியிடம் முதல் புரோக்கர் 55 லட்சம் சொல்லியிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கமிஷன் வேண்டாம் என்பவர்தானே எனக்கு லாபம்?

பதில்: இல்லை அம்மா. கமிஷன் வேண்டாம் என்பவர்தான் உங்களிடம் அதிகம் வாங்கப்போகிறவர். 55-க்கு முடிந்தால் 2% என்பது 1,10,000 ரூபாய். முதல் ஆள் எடுப்பது 7 லட்சம். கமிஷனுக்குச் சட்டம் வைத்த விகிதம் எதுவும் கிடையாது, பேசி முடிப்பதுதான். 1% அல்லது 2% என்பது சகஜம். 7 லட்சம் என்றால் 12 சதவீதத்தைத் தாண்டுகிறது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விலை ஏறினால் கமிஷனும் ஏறும் என்றால் புரோக்கர் உங்களுக்காகப் பேசுவார். ‘மேலே வருவது எனக்கு’ என்று விட்டுவிட்டால், வாங்குபவரை உங்கள் கண்ணிலேயே காட்ட மாட்டார். காட்டினால் உண்மையான விலை தெரிந்துவிடுமே!

இனி வரிக்கு வருவோம். இதைப் பற்றிப் பெரும்பாலான புரோக்கர்கள் வாயே திறப்பதில்லை. வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்கினால் பத்திரத்தில் 55 லட்சம் என்றே எழுதச் சொல்வார். விலை 50 லட்சத்தைத் தொட்டாலே அவர் 1% டி.டி.எஸ். (விலையிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். ஆக, வருமான வரித் துறையின் கணக்கில் நீங்கள் 55 லட்சம் வாங்கியவர். புரோக்கர் எடுத்த 7 லட்சத்துக்கு ரசீது இல்லாவிட்டால் அதற்கும் வரி உங்கள் தலையில்தான். நீண்டகால ஆதாயத்துக்கு, அதாவது பல ஆண்டு வைத்திருந்த வீட்டை விற்ற லாபத்துக்கு, 12.5% என்று வைத்தாலே 87,500 ரூபாய், செஸ் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) தனி. (உங்களுடையது பழைய வீடு என்பதால் இண்டெக்சேஷனோடு (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வீட்டின் அடக்க விலையைக் கூட்டிக் காட்டுவது) 20% முறையிலும் ஆடிட்டரைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது குறைவோ அதைக் கட்டினால் போதும்.) ஓசூரில் வீடு வாங்கினால் விலக்கு உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் கைக்கு வராத அந்த 7 லட்சத்தையும் சேர்த்து அங்கே போட்டால்தான் முழு விலக்கு.

பத்திரத்தில் 48 மட்டும் எழுதி மீதியை ரொக்கமாக வாங்கலாம் என்று அவர் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

நேர்மையாகக் கொடுத்த கமிஷனில் இந்தத் தொல்லை இல்லை. வங்கி வழியாகக் கொடுத்து, புரோக்கரின் பெயர், பான் எண், எந்த வீட்டுக்கு என்ற விவரத்தோடு ரசீது வாங்கினால், அதை விற்பனைச் செலவாக ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது அக்ரிமெண்ட். கிரய ஒப்பந்தத்தைப் புரோக்கர் பெயரில் போட்டுக் கொடுக்காதீர்கள். பதிவு செய்துவிட்டால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதை ரத்து செய்யாதவரை வேறு யாரும் உங்கள் வீட்டுப் பக்கம் வரத் தயங்குவார்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி மூன்று ஆண்டு வரை வழக்குப் போடவும் வழியிருக்கிறது. “பவர் எழுதிக் கொடுங்க, அலைச்சல் மிச்சம்” என்பார். அதுவும் வேண்டாம். நீங்கள் உள்ளூரிலேயே இருக்கும்போது பவர் எதற்கு?

சரி, எப்படித்தான் விற்பது? இரண்டாவது புரோக்கரிடம் பேசுங்கள். 2% என்றவரை 1%-க்கு இழுத்துப் பார்க்கலாம், தவறில்லை. கமிஷன் எவ்வளவு, பத்திரப்பதிவு முடிந்த அன்றுதான் தருவேன், விலை பேசும்போது நானும் உட்காருவேன் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அவர் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குகிறாரா என்று நேராகவே கேளுங்கள். வாங்கினால் குற்றமில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டைப் பார்க்க வருபவர்களுக்கு ஜெராக்ஸ் போதும். மூலப்பத்திரம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

ஓசூர் ஃபிளாட் விஷயத்தில் வேறு மாதிரி. புது அடுக்குமாடி என்றால், எட்டு வீடுகளுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ கட்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். அதை விற்றுத்தரும் ஏஜெண்டும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் இரண்டு எண்களையும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டத் தேவையில்லை. புது ஃபிளாட்டில் ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் பில்டரே கொடுத்துவிடுவார், உங்களிடம் தனியாகக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். “ஏர்போர்ட் வருது, இன்னும் ரெண்டு வருஷத்துல டபுள்” என்று சொல்லாத புரோக்கரை ஓசூரில் பார்ப்பது அரிது. ஓசூருக்கு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள் என்பது உண்மைதான். அதற்காக இன்றே கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கப் போகிறீர்கள், விற்கப் போவதில்லை. தருமபுரி வீட்டுக்கு முழுப் பணம் வரும் தேதி உறுதியாகாமல் ஓசூரில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டாம். அங்கே தவணை தவறினால் அட்வான்ஸ் போய்விடலாம்.

கடைசியாக, முதல் புரோக்கர் கொடுத்த அந்த 25,000. வீடு, மனை விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்கலாம், அதுவும் வாங்கியவருக்குத்தான். திருப்பித் தருவதற்கும் இதே விதி. அதனால் இந்த வாரமே அவருடைய வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் அசலைத் திரும்ப வாங்கி, குறுக்கே ‘ரத்து, தொகை திருப்பித் தரப்பட்டது’ என்று தேதியோடு எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் பாஸ்புக்கோடு சேர்த்து வையுங்கள்.