ஈஸ்ட் செல்லில் மைட்டோகாண்ட்ரியா சவ்வுப் புரதங்களுக்கும் லிப்பிடுக்கும் என்ன சம்பந்தம்?

கேட்டவர் எம்.எஸ்சி. மாணவர். எம்.டி.எம்., யு.பி.எஸ்., டாஸ் என்று புரதப் பெயர்களாகவே வருகிறதாம், மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா என்கிறார். வேலூரில் ஓர் ஆய்வகத்தில் நாலு வருடம் ஈஸ்ட் வளர்த்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். பெயர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ஒரே ஒரு லிப்பிடின், அதாவது சவ்வைக் கட்டும் கொழுப்பின், பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

பாஸ்பாடிடைல்செரினை எடுத்துக்கொள்வோம். அது செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் உருவாகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வந்து சேர்ந்தால், அங்கே இருக்கும் பி.எஸ்.டி.1 என்சைம் அதை பாஸ்பாடிடைல்எத்தனாலமைனாக மாற்றும். அதில் ஒரு பங்கு திரும்பிப் போய், மூன்று மெத்தில் தொகுதிகளை ஏற்றிக்கொண்டு பாஸ்பாடிடைல்கோலின் ஆகிவிடும். வேலூரிலிருந்து காட்பாடிக்குப் போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிற மாதிரிதான். நடுவில் பாலாறு. நம் பாலாறு பெரும்பாலும் மணல், இறங்கி நடந்தே போய்விடலாம். செல்லுக்குள் எந்நேரமும் தண்ணீர், லிப்பிடுக்கோ தண்ணீர் ஆகாது. பாலம் இல்லாமல் முடியாது.

அந்தப் பாலங்களில் ஒன்றுதான் எர்மெஸ் என்கிற புரதத் தொகுதி. எம்.எம்.எம்.1 ரெட்டிகுலத்தின் பக்கத் தூண். எம்.டி.எம்.10, எம்.டி.எம்.34 இரண்டும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுப் பக்கம். நடுவில் எம்.டி.எம்.12. 2009ல் பெனுவா கோர்ன்மான், பீட்டர் வால்ட்டர் குழுவினர் இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. இரண்டு சவ்வுகளையும் சேர்த்துக் கட்டும் செயற்கைப் புரதம் ஒன்றை அவர்களே செய்து, அந்தக் கட்டு இருந்தால்தான் பிழைக்கும் என்கிற ஈஸ்டுகளைத் தேடினார்கள். எம்.டி.எம்.12 கெட்டுப்போன ஈஸ்ட் சிக்கியது. இடிந்த பாலத்துக்கு மூங்கில் கட்டி முட்டுக்கொடுத்த கதை.

வெளிச்சவ்வோடு பயணம் முடிவதில்லை. இனி பாஸ்பாடிடிக் அமிலம் என்கிற இன்னொரு லிப்பிடைப் பாருங்கள். அதை மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடையே தூக்கிப் போவது யு.பி.எஸ்.1, கூடவே எம்.டி.எம்.35. உட்சவ்வில் அதிலிருந்து படிப்படியாகக் கார்டியோலிபின் என்கிற லிப்பிட் தயாராகிறது. கடைசிப் படியைச் செய்வது சி.ஆர்.டி.1 என்சைம். பிறகு கொழுப்பு அமில வால்களைத் திருத்தி அமைக்கும் வேலையில் டாஸ்1க்குப் பங்கு. மனிதரில் இதே மரபணு கெட்டால் பார்த் சிண்ட்ரோம் என்கிற இதயத் தசை நோய் வருகிறது.

இதுவரை புரதம் லிப்பிடைச் சுமந்தது. இனி லிப்பிட் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கார்டியோலிபினுக்கு நாலு வால். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் சுவாசச் சங்கிலியின் மூன்றாம், நான்காம் புரதத் தொகுதிகளை ஒட்டவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அது இல்லாவிட்டால் உட்சவ்வின் மின்னழுத்தம் குறையும், புரதங்களை உள்ளே இழுப்பதும் மந்தமாகும்.

இதை நான் பாடத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. ஒரு மே மாதம் சி.ஆர்.டி.1 நீக்கிய ஈஸ்டைப் பிளேட்டில் தேய்த்து, இன்குபேட்டரில் 30 டிகிரி வைத்துவிட்டுப் போனேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சாதாரண ஈஸ்ட் கொழுகொழுவென்று வந்திருக்கிறது, என்னுடையது துடைத்துவிட்ட மாதிரி. ஸ்டாக்கே செத்துவிட்டது என்று அழாத குறை. மேடம் வந்து கதவில் கை வைத்தார். "என்னம்மா, காய்ச்சல் மாதிரி சுடுது?" உள்ளிருந்த தெர்மாமீட்டர் 39 காட்டியது. அந்தப் பழைய பெட்டியில் ஹீட்டர் மட்டும்தான், குளிரூட்டி கிடையாது. வேலூர் மே மாதத்தில் அறையே 38 என்றால் பெட்டி எப்படி 30க்கு இறங்கும்? கார்டியோலிபின் இல்லாத ஈஸ்ட் 30ல் சமாளிக்கும், 37ஐத் தாண்டினால் காலனியே வைக்காது. கட்டுரையில் வரைபடமாக இருந்தது என் பிளேட்டில் நடந்திருக்கிறது, அதுவும் கரன்ட் செலவில்லாமல்.

செய்முறைக்கு ஒரு வார்த்தை. குளுக்கோஸ் பிளேட்டில் மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மைட்டோகாண்ட்ரியா கெட்டிருந்தாலும் ஈஸ்ட் குளுக்கோஸை நொதிக்கவைத்தே பிழைத்துக்கொள்ளும், காலனி மட்டும் குட்டியாக இருக்கும். பாரிஸில் போரிஸ் எஃப்ருஸி 1940களில் ஆராய்ந்த 'பெட்டிட்' இதுதான், பிரெஞ்சில் சின்னது என்று பொருள். கிளிசராலில் போட்டால் சுவாசித்தே ஆகவேண்டும், அங்கே சாயம் வெளுக்கும். அப்புறம், கொழுப்பு அமிலத்தின் பீட்டா ஆக்சிஜனேற்றத்தை இந்தக் கதையில் சேர்த்து எழுதிவிடாதீர்கள். ஈஸ்டில் அது பெராக்சிசோமில்தான் நடக்கிறது. பரீட்சைத்தாள் திருத்தும்போது பாதிப் பேர் இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

குளுக்கோஸ் பிளேட்டிலிருந்து கிளிசரால் பிளேட்டுக்குக் காலனிகளை அப்படியே ஒற்றி எடுக்க வெல்வெட் துணி வேண்டும். லாங் பஜாரில் நான் கேட்டபோது கடைக்காரர் "பிளவுஸுக்காம்மா?" என்று மெரூன் எடுத்துப் போட்டார். காட்டன் வெல்வெட்டாகக் கேட்டு வாங்குங்கள், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் தாங்கும். சாயம் போகிறதா என்று ஒருமுறை துவைத்துப் பார்த்துவிடுங்கள். என் முதல் பத்து பிளேட்டும் ரோஸ் கலரில் வந்தன.