மரம் சீவும் காட்சிக்கு எத்தனை டேக்?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. எல்லாமே சொந்தக் காசில் படம் எடுப்பவர்களைப் பற்றியவை. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் தெரிந்த இருவர் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறான். ஒரு வெள்ளி (ரிங்கிட்) வருமானம் இல்லை. இந்தப் பிள்ளைகளை எதுதான் இப்படி இழுக்கிறது? – ஒரு தாய்

அம்மா, நம் பேச்சைத் திரையில் கேட்க வேண்டும் என்ற தவிப்புதான் முதலில் இழுக்கிறது. பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), தீம்பார் (ரப்பர் காடு), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), ஒட்டுப்பால் (உறைந்த பால்) என்று நாம் வீட்டில் பேசும் சொற்களைச் சென்னைப் படங்களில் கேட்க முடியாது. 2005-இல் தீபக் குமாரன் மேனன் ஒரு தோட்டத்துக் குடும்பத்தை வைத்து ‘செம்மண் சாலை’ எடுத்தார். 2015-இல் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. மறு ஆண்டே மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அந்தத் தமிழ்ப் படத்துக்குக் கிடைத்தது. நம் கதையை நம் வாயாலேயே சொல்லலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்று, கண்ணெதிரே எல்லாம் மறைந்துகொண்டிருக்கிறது. பால்மரம் (ரப்பர்) நின்ற இடத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபடுகின்றன. இந்த வாரம் இருக்கும் தண்ணீர்க் குழாயடி அடுத்த வருடம் இருக்காது. அந்தப் பதற்றம்தான் பிள்ளைகளைச் சனிக்கிழமை வீட்டில் தங்கவிடுவதில்லை.

வார இறுதிப் படப்பிடிப்பு ஒன்றும் கேவலம் இல்லை. சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1952-இல் தம் முதல் படத்தைத் தொடங்கினார். வெள்ளை நாணற்பூக் காட்டில் முதல் நாள் எடுத்தார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூ முழுவதையும் மாடுகள் மேய்ந்திருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரை காத்திருந்து எடுத்தார். படம் வெளிவந்தது 1955-இல். வேறு இடத்தில் வேறு பூவை வைத்துச் சமாளித்திருக்கலாம், அவருக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் மகனிடம் என்ன எடுக்கிறான் என்று ஒருமுறை கேளுங்கள். “குழாயடியில் பெண்கள் வாளி மாற்றுவதை” என்பது போல ஒரு பொருளைச் சொன்னான் என்றால் அவன் நின்று எடுப்பான். “டைரக்டர் ஆகணும்” என்று மட்டும் சொன்னால் இன்னும் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

கேள்வி: அதிகாலையில் பால் மரம் வெட்டும், அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவும், காட்சி ஒன்று எடுத்தோம். முகம் கருப்பாக இருக்கிறது, தலைவிளக்கு வெள்ளையாக வெடிக்கிறது, ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறுகிறது. என்ன செய்வது?

தம்பி, நேரத்தில்தான் முதல் கோளாறு. நம் பேராக் பக்கம் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில் உதிக்கிறது. அதற்கு முந்தைய 20 நிமிடம்தான் வானம் நீலமாக இருக்கும், மரமும் தெரியும், விளக்கும் எரிவதாகத் தெரியும். அதற்கு முன்னால் வெறும் இருட்டு. பிறகு தலைவிளக்கு எரிவதற்கே அர்த்தம் இல்லை. ஆகவே 5.45-க்கே நிரையில் (மர வரிசையில்) இருங்கள், டார்ச் வெளிச்சத்தில் ஒத்திகை பாருங்கள், அந்த 20 நிமிடத்தில் இரண்டே ஷாட் எடுங்கள். காட்சிக்கு ஆறு ஷாட் வேண்டுமானால் மூன்று விடியல் போக வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

தலைவிளக்கின் கண்ணாடிமேல் டிரேசிங் தாள் இரண்டு மடிப்பு ஒட்டுங்கள். லென்ஸை எஃப் 1.8 அல்லது 2-க்குத் திறந்து வையுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். 4300 கெல்வினில் பூட்டிவிட்டால் நிறம் தாவாது. ஏர்கான் காரிலிருந்து இறங்கிய கையோடு கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து திறங்கள். கொசு மருந்து தடவிய கையால் கேமராவைத் தொட வேண்டாம். டீட் கலந்த மருந்து சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும்.

அடுத்தது டேக், அதாவது ஒரே ஷாட்டை எத்தனை முறை எடுப்பது என்பது. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை சீவினால் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகும். எட்டு டேக் எடுத்தால் ஒரு சென்டிமீட்டர் காலி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் மரத்துக்கு அது 16 நாள் பட்டை. கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கினால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு ஒழுங்காக வெட்டவே முடியாது. ஆகவே நடிகரின் முகத்தைத் தனியாக எடுங்கள். கத்தி ஓடும் நெருக்கக் காட்சிக்கு உண்மையான தொழிலாளியின் கையை ஒரே டேக்கில் எடுங்கள், அல்லது வெட்டித் தள்ளப்போகும் கிழமரத்தைக் கேளுங்கள். சீவியவுடன் கோட்டில் பால் துளிர்த்து, சரிவில் இறங்கி, மரத்தில் பதித்த தகட்டு நுனியில் ஒரு கணம் நின்று மங்கில் விழும். அது ஒருமுறைதான் நடக்கும், ஃபோகஸை முன்பே தகட்டு நுனியில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு எடுத்துவிட்டு விடியல் என்று ஒட்டினால் மங்கு நிரம்பியிருப்பதைத் தோட்டத்தில் பிறந்த எவரும் கண்டுபிடித்துவிடுவார்.

இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. பால் கோட்டைவிட்டு வழிந்தோடிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும். டிசம்பரில் நிழலடர்ந்த காட்டில் தொடங்கிய காட்சியை அப்போது தொடர்ந்தால் இரண்டும் ஒட்டாது.

கேள்வி: லயத்து வீட்டுக்குள் கைப்பேசியில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; குழல் விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. உங்கள் கைப்பேசி 30 ஃபிரேம், 1/60 ஷட்டரில் ஓடுகிறது. கைமுறைக் கட்டுப்பாடு உள்ள செயலியைப் போட்டு 25 ஃபிரேம், 1/50 வையுங்கள். கோடு போய்விடும். போகாவிட்டால் மலிவான எல்இடி பல்புதான் காரணம், பல்பை மாற்றுங்கள்.

கேள்வி: அனுமதி வாங்க வேண்டுமா?

1981-ஆம் ஆண்டு பினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) சட்டப்படி படம் தயாரிக்க, விநியோகிக்க, திரையிட உரிமம் வேண்டும். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கை வாரிய ஒப்புதலும் தேவை. தோட்டம் தனியார் நிலம். தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள், நகலைக் காவலாளிக்கும் கொடுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் போனால் கேட்டிலேயே அந்த 20 நிமிட விடியல் போய்விடும்.

கேள்வி: 80 வயதுப் பாட்டி நாற்று நடும் பாட்டெல்லாம் பாடுகிறார். லயத்தில் எப்படிப் பதிவு செய்வது?

இந்த வாரமே செய்யுங்கள். கேமரா எதுவானாலும் சரி, மைக் பாட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சட்டை மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, பருத்தி ரவிக்கையில் குத்துங்கள். நைலக்ஸ் சேலை உரசினால் சரசரப்பு விழும், பின்னால் எடுக்கவே முடியாது. ரிக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். உச்சக் குரல் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். பாட்டு ஏறும்போது குரல் திடீரென்று உயரும், அதற்கு இடம் வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் நிறுத்திவிடுங்கள். காற்றாடியை அணையுங்கள், ஃப்ரிட்ஜையும் அணையுங்கள். மோட்டார் சைக்கிள் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்.

மாலையில் சில்வண்டுச் சத்தம் டேக்குக்கு டேக் கூடிக் குறையும். வெட்டி ஒட்டினால் குதிக்கும். அதே இடத்தில், யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் பதிவு செய்து, ஒட்டும்போது அதைக் குரலுக்கு அடியில் ஓடவிடுங்கள். கேமரா வினாடிக்கு 100 மெகாபிட் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி அட்டை ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. பாதிப் பாட்டில் நிற்காமலிருக்கக் காலி அட்டை இன்னொன்று வேண்டும். அன்றிரவே இரண்டு இடங்களில் நகலெடுங்கள்.

பாடி முடித்ததும் ரிக்கார்டரை நிறுத்தாதீர்கள். இந்தப் பாட்டை யார் சொல்லிக் கொடுத்தார்கள், எந்தத் தோட்டத்தில், எந்த வேலையின்போது பாடினார்கள் என்று வயதானவர்கள் மூச்சு வாங்கிய பிறகுதான் சொல்வார்கள்.